அடுத்து என்ன? பிள்ளைகளுக்கு அன்றாட வரிசை பழக்குவது எப்படி

எங்கள் தெருமுனைக்குப் பள்ளி வேன் வருவது காலை 7.50-க்கு. மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த புதிதில், 7.48-க்கு நான் ஒரு கையில் இட்லித் தட்டும் மறு கையில் ஒற்றைச் சாக்ஸுமாக வாசலில் நிற்பேன். இன்னொரு சாக்ஸ் எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வேன்காரர் ஹாரன் அடிப்பார், அவள் அழுவாள், நான் கத்துவேன். "காலங்காத்தால புள்ளய ஏன் திட்டுற?" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுப்பார்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டு, '6.00 எழுதல், 6.10 பல் தேய்த்தல், 6.20 பால்' என்று அழகாக எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மோட்டார் ஓடவில்லை, குளியல் 20 நிமிடம் தள்ளிப்போனது, அதற்குக் கீழே இருந்த எல்லாக் கட்டமும் பொய்யாகிவிட்டது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அவளுக்கு மணி பார்க்கவே தெரியாது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு '6.20' வெறும் எண். 'பல் தேய்ச்சதும் பால்' என்றால் புரியும். மணியைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு எதன்பின் எது வரும் என்ற வரிசை தெரிந்தால் போதும். அந்த வரிசை உடம்பில் ஏறிவிட்டால் மோட்டார் ஓடாத நாளிலும் அது குலையாது; கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இப்போது மகள் நான்காம் வகுப்பு, அவள் தம்பி யு.கே.ஜி. இருவரையும் வைத்துப் பட்டுத் தெரிந்துகொண்டதை, முதல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன். மூன்றிலிருந்து பத்து வயதுவரை இந்த வழி செல்லும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

வேகமாகத் திருத்தத்தான் கை துடிக்கும். ஒரு வாரம் பொறுங்கள். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தது, எங்கே நேரம் போனது, எங்கே அழுகை வந்தது, எத்தனை மணிக்கு உண்மையிலேயே தூங்கியது என்று மட்டும் குறித்துவையுங்கள். படுக்கையில் போட்ட நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

எங்கள் வீட்டுத் தாள்களைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மகள் மெதுவாகச் சாப்பிடுகிறாள் என்பதுதான் அதுவரை என் புகார். சாப்பாட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது 15 நிமிடம். பெல்ட், டைரி, தண்ணீர் பாட்டில் மூடி ஆகியவற்றைத் தேடுவதில் போனது 20 நிமிடம். தேடியது நான், தாமதம் என்று திட்டு வாங்கியது அவள். அப்புறம், ஒன்பதேகாலுக்குப் படுத்தவள் பத்து இருபதுக்குத்தான் தூங்கியிருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கை இரவிலிருந்து போடுங்கள்

காலைச் சண்டைகளில் பாதிக்கு மேல் முந்தின இரவில் தொடங்குகிறவை. எனவே எழுப்பும் நேரத்தை மாற்றுமுன் தூக்கத்தைக் கணக்கிடுங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். பத்தாம் வகுப்புப் பிள்ளையை இரவு பன்னிரண்டுவரை உட்கார வைத்து நாலரைக்கு எழுப்பும் வீடுகள் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

கணக்கு இப்படிப் போகும். வேன் 7.50. பதற்றமில்லாமல் கிளம்ப எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வேண்டும், எனவே 6.15-க்கு எழ வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்தது ஒன்பது மணி நேரம் என்றால் 9.15-க்குள் தூங்கியிருக்க வேண்டும். படுத்துத் தூக்கம் வர அரை மணி. ஆக, 8.45-க்கு விளக்கு அணைய வேண்டும். இது குறைந்தபட்சக் கணக்கு. உங்கள் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் தேவைப்பட்டால் இன்னும் முன்னால் போக வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை யாரும் எழுப்பாமல் எத்தனை மணிக்கு எழுகிறது என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

8.45 என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நம் வீடுகளில் இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்கு. பிள்ளைகளின் சாப்பாட்டை மட்டும் ஏழரைக்குக் கொண்டுவந்தேன். பெரியவர்கள் வழக்கம்போலச் சாப்பிடலாம். தோசைக்கல்லை இரண்டு முறை வைக்க வேண்டியிருக்கிறது, மறுக்கவில்லை. காலையில் கத்துவதைவிட அது சுலபம்.

அடுத்த சிக்கல் சீரியல். அத்தைக்கு நாள் முழுக்க இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அது, அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. பேசிப் பார்த்ததில் அவரே ஒரு வழி சொன்னார். "எட்டரைக்கு நான் புள்ளைங்களுக்குக் கதை சொல்லிப் படுக்கவைக்கிறேன், அந்தச் சீரியல மறுநாள் மத்தியானம் மறுஒளிபரப்புல பாத்துக்கிறேன்." இரவு வரிசையை ஒரு சங்கிலி என்றால், இன்றுவரை அதில் மிக உறுதியான கண்ணி, பிள்ளைகளின் அப்பாயியான அத்தை சொல்லும் கதைதான்.

வீட்டிலேயே இருக்கும் சத்தங்களில் கோத்துவிடுங்கள்

புதிய பழக்கம் அந்தரத்தில் நிற்காது. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு அதை முடிச்சுப் போட வேண்டும். இதற்கு நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. பால்காரர் மணி, கோயில் ஒலிபெருக்கி, தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம், குக்கர் விசில், மிக்சி, சாயந்தரம் விளக்கேற்றுவது, அப்பாவின் வண்டி வாசலில் நிற்கும் சத்தம். இவை அனைத்தும் அலாரம்தான். காசும் இல்லை, திட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் கோத்தவற்றில் சில:

- நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் பல் தேய்ப்பது. தாளைக் கிழிக்கும் உரிமை பிள்ளைகளுக்கு மட்டுமே; ஒருநாள் விட்டு ஒருநாள் முறை மாறும். தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுந்து நடக்கவைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.
- குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் சீருடை போட்டிருக்க வேண்டும்.
- விளக்கேற்றியதும் விளையாட்டு முடிந்து கைகால் கழுவ வேண்டும்.
- சாப்பிட்ட தட்டைக் கழுவப் போட்டதும் பை அடுக்க வேண்டும்.

'பத்து நிமிஷத்துல கிளம்பு' என்பதற்கு ஐந்து வயதில் அர்த்தமே கிடையாது. அதற்குப் பதிலாக, 'இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள' என்று சொல்லுங்கள். தம்பிக்கு ஷூ போடுவதற்கென்றே ஒரு பாட்டு உண்டு. அது முடிவதற்குள் இரண்டு காலும் உள்ளே போய்விட்டால் மீதிப் பாட்டுக்கு ஆட்டம்.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. தினமும் மாறாமல் நடப்பதில் மட்டும் கோத்துவிடுங்கள். என் கணவருக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று சுற்றிவரும். 'அப்பா வந்ததும் வீட்டுப்பாடம்' என்று முதலில் வைத்திருந்தோம். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் அது நடந்தது. இப்போது அவர் எந்த ஷிப்டில் இருந்தாலும் ஒரே ஒரு வேலை அவருடையது: வீட்டில் இருக்கும் நேரத்தில், அடுத்த நாள் காலை போட வேண்டிய ஷூவைத் துடைத்து வைப்பது. சில நாள் மதியம் மூன்று மணிக்கே ஷூ பளபளவென்று நிற்கும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு கண்ணி

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஜூன் முதல் தேதியிலிருந்து சீக்கிரம் எழுவது, படுக்கையை மடிப்பது, யோகா, படிப்பு, செடிக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவார்கள். ஜூன் பத்தாம் தேதி ஒன்றும் மிஞ்சாது. உங்கள் குறிப்புத் தாளைப் பார்த்து, அதிகம் தொந்தரவு தரும் ஒரே ஒரு இடத்தை எடுங்கள். எங்களுக்கு அது பை. 'தட்டு கழுவப் போட்டதும் பை' என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டோம். டைம்டேபிள் பார்த்துப் புத்தகம் எடுப்பது, டைரியில் கையெழுத்து வாங்குவது, சாக்ஸ் இரண்டையும் ஷூவுக்குள் சொருகுவது. மீதி எல்லாம் பழையபடி அலங்கோலமாகவே நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விடுவதுதான் கடினம்.

முதல் சில நாள் கூடவே உட்கார்ந்து செய்யுங்கள். அப்புறம் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் அடுக்களையிலிருந்து கேளுங்கள். கடைசியில் கேட்காமல் இருங்கள். இந்த நான்கு படிக்கு எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது.

'21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும்' என்று வாட்ஸப்பில் வரும். நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 96 பேரை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஒரு புதிய செயல் தானாக வருமளவுக்குப் பழக, நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. அவர்கள் எல்லோரும் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. ஒருநாள் பை அடுக்காமல் தூங்கிவிட்டால், தூங்கட்டும்.

எழுத்தைவிடப் படம், படத்தைவிட கிளிப்

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம் வேண்டும். அச்சடித்த சார்ட்டுகளைக் கடையில் வாங்காதீர்கள். அதில் வரும் வெள்ளைக்காரக் குழந்தை தொட்டியில் நுரைக் குளியல் போடும், நம் பிள்ளை வாளியில் சொம்பு வைத்துக் குளிக்கும். பிள்ளையே வரையட்டும். எங்கள் தம்பி வரைந்த பல்குச்சி பார்ப்பதற்குத் தென்னைமரம் மாதிரி இருக்கும், ஆனால் அவனுக்குத் தெரியும் அது என்னவென்று.

கெட்டி அட்டையை நீளமாக வெட்டி, காலை வரிசைக்கு ஆறு படம், இரவு வரிசைக்கு ஐந்து படம் ஒட்டினோம். ஆறுக்கு மேல் போனால் பிள்ளை பார்ப்பதை விட்டுவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இடப்பக்கம் ஒரு துணி கிளிப். வேலை முடிந்ததும் பிள்ளை அதை வலப்பக்கம் மாற்றிக் குத்த வேண்டும். அந்தச் சின்ன 'டக்' சத்தத்தில் ஏதோ திருப்தி இருக்கிறது; நானே மாற்றிப் பார்த்திருக்கிறேன். அட்டையைப் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். என் கண் உயரத்தில் மாட்டி ஒரு மாதம் வீணாக்கினேன்.

அட்டை வந்த பிறகு நீங்கள் பேசுவதும் மாற வேண்டும். 'பல்லு தேய், குளி, சீக்கிரம், இன்னும் என்ன பண்ற' என்ற நான்கையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "அடுத்து என்ன?" பிள்ளை அட்டையைப் பார்த்துப் பதில் சொல்லும். கட்டளை உங்களிடமிருந்து வராமல் அட்டையிலிருந்து வருவதால் சண்டை போட ஆள் இல்லாமல் போகிறது. முதல் வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) போன்ற காரணங்களால் மாற்றங்களைச் சமாளிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட பட வரிசை இன்னும் அதிகம் உதவும். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் முறைதான் இது. அப்படியொரு பிள்ளை இருந்தால் படிகளை எப்படிப் பிரிப்பது என்று அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இரவு வரிசை

2009-இல் ஜோடி மிண்டெல் என்ற உளவியலாளரும் குழுவினரும் 405 தாய்மாரையும் அவர்களது கைக்குழந்தைகள், நடைபழகும் குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். செய்யச் சொன்னது மிக எளிது: தினமும் இரவு குளிப்பாட்டல், உடம்பு தடவிவிடுதல், பிறகு தாலாட்டு போன்ற அமைதியான ஏதாவது ஒன்று, அரை மணிக்குள் விளக்கணைப்பு. இரண்டு வாரத்திலேயே குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழித்து அழுவது குறைந்தது, தாய்மாரின் மனநிலையும் மேம்பட்டது. இதைப் படித்தபோது என் அம்மா நினைவுக்கு வந்தார். வெந்நீர் ஊற்றி, தேங்காயெண்ணெய் தடவி, தூளியில் போட்டுப் பாடிய யாருக்கும் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை பள்ளிக்குப் போனதும் நாம்தான் அதை நிறுத்திவிடுகிறோம்.

எங்களுடையது: சாப்பாடு, பை, முகம் கைகால் கழுவல், பல், கதை. இந்த வரிசையில் பல் தேய்ப்பதை விட்டுவிட ஆசை வரும். காலையைவிட இரவுத் தேய்ப்பு முக்கியம், ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்து, பல்லில் ஒட்டிய இனிப்பைக் கழுவ ஆள் இருக்காது. பற்பசை மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். ஏழெட்டு வயதுவரை பிள்ளை தேய்த்த பின் நீங்களும் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்; அந்த வயதுக்கு முன் கை அவ்வளவு திருந்தாது.

போன். இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, எனவே ஒன்றே ஒன்று. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து அடுக்களை மேடைக்கு மாற்றுங்கள், உங்கள் போனையும் சேர்த்து. இரவில் கண்ணுக்கு நேரே வரும் வெளிச்சம் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. 'அம்மா மட்டும் பாக்கலாமா?' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, அதனால்தான் என்னுடையதும் மேடைக்குப் போனது. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒருநாளில் திரை நேரம் மொத்தமே ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். அந்த ஒரு மணியையும் படுக்கப் போகும் நேரத்தில் கொடுக்காதீர்கள்.

காலையில் ஒரு முக்கியமான விஷயம்: ஆய்

குழந்தை வளர்ப்புக் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டோ பிடிக்காமலோ நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். அடக்க அடக்க மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் மறுநாளும் அடக்கும். எங்கள் மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் இது நடந்தது. வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தாள். நாங்கள் அதைச் சாக்கு என்று நினைத்தோம்.

வயிற்றுக்குள் ஏதாவது போனதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலைப் பாலோ சிற்றுண்டியோ முடிந்த பின், வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து பத்து நிமிடம் உட்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கிக்கொண்டிருந்தால் முக்க முடியாது. காலுக்கடியில் சின்ன முக்காலி ஒன்று போடுங்கள். திட்டக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. காலையை 15 நிமிடம் முன்னால் தொடங்க இது ஒன்றே போதிய காரணம். மலத்தில் ரத்தம் வந்தாலோ, வாரக்கணக்கில் சரியாகாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் படித்தால் காலை வரிசை இன்னும் எளிது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், வகுப்பு தொடங்குமுன் உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை பள்ளியிலேயே கிடைக்கின்றன. வீட்டில் பாதி இட்லியோடு போராடுவதை விட்டுவிட்டு, பால் கொடுத்து, பரிமாறும் நேரத்துக்குள் பள்ளிக்கு அனுப்புவதை உங்கள் கடைசிக் கண்ணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாயந்தரம்

பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது சோறும் ஓட்டமும். வந்ததும் டைரியைத் திறக்காதீர்கள். நான்கு மணிக்கு வந்தால், ஏதாவது சாப்பிட்டுவிட்டு விளக்கு வைக்கும்வரை தெருவிலோ மொட்டைமாடியிலோ விளையாடட்டும். வெயில் இறங்கியபின் ஓடி வியர்த்த பிள்ளை எட்டரைக்குத் தானாகச் சொக்கும்.

வீட்டுப்பாடம் எவ்வளவு என்பதில் பெற்றோருக்கே தெளிவில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கே அதிகபட்சம் இரண்டு மணி நேரம். நடப்பு வேறு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தால், பிள்ளையை விரட்டுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் பேசுவது நல்லது. எங்கள் வீட்டில் அரை மணி. முடியாவிட்டால் 'மீதி முடியவில்லை' என்று டைரியில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதுவரை யாரும் கோபிக்கவில்லை.

இடமும் ஒன்றே இருக்கட்டும். தனி மேசை தேவையில்லை, கூடத்தில் ஒரு பாய் போதும், பென்சில் டப்பா அந்தப் பாயின் சுருளுக்குள்ளேயே இருந்தால். பென்சில் தேடிப் போகும் பிள்ளை திரும்பிவர அரை மணி ஆகும்.

ஸ்டிக்கர் தரலாமா?

தரலாம், ஒரு புதிய கண்ணிக்கு, இரண்டு வாரத்துக்கு. பல் தேய்த்தால் சாக்லேட் என்று போகாதீர்கள். அதிலுள்ள முரண் ஒரு பக்கம் இருக்க, 'இன்னிக்கு என்ன தருவ?' என்று பேரம் தொடங்கும். பொருளைவிடப் பொழுது நல்ல பரிசு. காலை வரிசை சீக்கிரம் முடிந்தால் மிச்சமாகும் பத்து நிமிடம் பிள்ளையுடையது. மகள் அந்தப் பத்து நிமிடத்தில் வாசலில் நொண்டி ஆடுவாள். அதற்காகவே சீக்கிரம் குளித்த நாள்கள் உண்டு.

குலையும் நாள்கள்

காய்ச்சல் வரும். கல்யாணத்துக்குப் போவீர்கள். தீபாவளியன்று யாரும் 8.45-க்குத் தூங்கப் போவதில்லை, தூங்கவும் வேண்டாம். அத்தகைய நாள்களுக்கென்று ஒரு குட்டி வரிசையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே இருந்தாலும், எவ்வளவு நேரமானாலும் இரவு பல், கதை, தூக்கம். ஊரில் சொந்தக்காரர் வீட்டு மொட்டைமாடியில் பதினோரு மணிக்குக்கூட இந்த மூன்றும் நடந்துவிடும். கதை இரண்டே வரியாக இருந்தாலும் சரி. மறுநாளே முழு வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள், இரண்டு நாள் கொடுங்கள்.

தம்பி தங்கை பிறந்தபோதோ வீடு மாறியபோதோ, நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று 'நீ ஊட்டிவிடு' என்று நிற்கும். ஊட்டிவிடுங்கள். சில வாரத்தில் தானாகச் சரியாகும்.

தம்பி பிடிவாதக்காரன். அவனுக்கு மட்டும் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு வழி வைத்திருக்கிறேன். பல் தேய்ப்பதா வேண்டாமா என்பதில் பேச்சே இல்லை. கொல்லைக் குழாயிலா, உள்ளே வாஷ்பேசினிலா என்பது அவன் இஷ்டம். அக்காவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், அச்சு வேறு.

ஜூன் மாதத்துக்கு முன்

மே விடுமுறையில் எல்லாம் கரைந்துபோகும். பத்தேகாலுக்குத் தூங்கி எட்டு மணிக்கு எழும் பிள்ளையை, பள்ளி திறக்கும் நாளன்று 6.15-க்கு எழுப்பினால் பழைய கூத்துதான். எனவே முன்கூட்டியே நகர்த்துங்கள். எழும் நேரத்திலிருந்து தொடங்குவது நல்லது. தூங்கும் நேரத்தை மட்டும் இழுத்தால் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் எழுப்புங்கள், எழுந்ததும் வாசலுக்கோ மாடிக்கோ அழைத்துப்போய்க் காலை வெளிச்சத்தில் நிற்கவையுங்கள். அந்த வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். ஒன்றேமுக்கால் மணி நேரத்தை நகர்த்த ஏழு படி, பதினான்கு நாள் ஆகும். பள்ளி திறக்கும் தேதியிலிருந்து அத்தனை நாள் பின்னால் எண்ணி, நாள்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள்.

அந்த வாரத்திலேயே பழைய அட்டையை எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். புது வகுப்பு, வேன் நேரம் மாறியிருக்கலாம், போன வருடம் நீங்கள் செய்த சில வேலைகளை இந்த வருடம் பிள்ளையே செய்யலாம். மகள் இந்த முறை தலை பின்னுவதைத் தன் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள், கோணலாகத்தான் பின்னுகிறாள். அப்புறம், சாக்ஸையும் அன்றைக்கே தேடிவிடுங்கள். மே மாதம் முழுக்க அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.